வேட்டை நாய் என்று எழுதினேன்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாதம். திருத்தணி மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்த ஒரு டவுன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்கள் பலரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

எங்கள் வீடு அம்மையார்குப்பத்தில். நைனாவும் அம்மாவும் தறியில் உட்காருகிறவர்கள். இருவருக்குமே கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வம்சத்திலேயே எஸ்.எஸ்.எல்.சி. முடித்தது நான்தான், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும் நான்தான். அந்த நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது, மறைக்கப் போவதில்லை. என் பதிவேட்டில் ஓர் அடித்தல் இருக்காது, ஒரு மைக்கறை இருக்காது. தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருமுறை அதைத் தூக்கிப் பிடித்து, "இந்த மாதிரி எழுதக் கத்துக்கோங்கய்யா" என்று மற்றவர்களுக்குக் காட்டினார். அன்றிலிருந்து அங்கிருந்த ஆறு ஆண்களும் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

காலை பதினொரு மணிக்கு டீ வரும். ஆறு டம்ளர். ஏழாவது வேண்டுமா என்று அவர்கள் கேட்டதில்லை. எனக்கும் ஒன்று என்று நானும் சொன்னதில்லை. மதியம் பழைய ரிகார்டுகள் அடுக்கியிருந்த அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். சாயங்காலம் பஸ் பிடித்துத் திருத்தணியில் நான் எடுத்திருந்த வாடகை அறைக்குப் போவேன். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் குடும்பம் பேசிச் சிரித்துச் சாப்பிடுகிற சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாலும் என்னைத் தறியைத் தொட விடமாட்டார்கள். "நீ உக்காரும்மா, உன் கை எழுதற கை" என்று அம்மா பாயைப் போட்டுவிடுவாள். சொந்த வீட்டிலும் நான் விருந்தாளியாகிவிட்டிருந்தேன்.

முந்தின வருடம் ஆடிக் கிருத்திகையின்போது, நான் வேலை பார்த்த அந்த ஊர் வழியாகத் திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போன ஒருவரை நாய் கடித்துவிட்டது. காவடி கீழே விழுந்து பால் தெருவில் ஓடியது. கடியைவிட அதுதான் பெரிய விஷயமாகிவிட்டது. தரையில் படக்கூடாத காவடி பட்டுவிட்டது, விரதம் கெட்டது என்று அவருடைய ஆட்கள் மதியம் வரை அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்களாம். கடித்தது ஒட்டிய வயிறும் நீண்ட மூக்கும் கொண்ட வேட்டை நாய் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஊரின் மேற்குக் கோடியில் முயல் வேட்டைக்குப் போகிற சில குடும்பங்கள் அப்படிப்பட்ட நாய்களை வளர்த்து வந்தன.

இந்த வருடம் அப்படி ஆகிவிடக் கூடாது என்று நிர்வாக அதிகாரி முன்கூட்டியே நாய்க் கணக்கு எடுக்கச் சொன்னார். யாருக்கும் அதில் இஷ்டமில்லை. என் தலையில் விழுந்தது. உரிமையாளர் பெயர், கதவு எண், நாயின் நிறம், ஆணா பெண்ணா, கடைசிக் கட்டத்தில் இனம். அந்த இனம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஹெட் கிளார்க்கைக் கேட்டேன்.

"நாய்கிட்டயே கேட்டு எழுதும்மா. படிச்ச பொண்ணாச்சே, உனக்கு பதில் சொல்லும்" என்றார். மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே யோசித்து மூன்று வகை வைத்தேன். நாட்டு நாய், வேட்டை நாய், சீமை நாய். உரிமையாளர் எதைச் சொல்கிறாரோ அதை எழுதி, பக்கத்தில் அவருடைய கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்வது. அதிகாரி பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, இப்படியே போட்டுடு" என்றார். இந்தக் கணக்கு எதற்கு என்று அவர் சொல்லவில்லை. கழுத்தில் மாட்டுகிற லைசென்ஸ் வில்லை கொடுப்பதற்காக இருக்கும் என்று நினைத்து நானும் கேட்கவில்லை.

எட்டு மாதமாக என்னோடு பேசாத ஊர், நாயைப் பற்றிக் கேட்டதும் பேச ஆரம்பித்தது. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். ஓர் அம்மா தன் நாயைக் காட்டி, "எங்க ஊட்டுக்காரர விட இதுக்குப் புத்தி ஜாஸ்தி, அதுக்கு ஒரு கட்டம் இருந்தா அதையும் எழுதிக்கோ" என்றாள். திண்ணென்று கொழுத்த ஒரு நாயின் சொந்தக்காரர், அது ஒரே தாவலில் கிணற்றைத் தாண்டும் என்றார். வேட்டை நாய் என்றே எழுதச் சொன்னார். பலரும் அப்படித்தான். தன் நாயை வெறும் நாட்டு நாய் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

மேற்குக் கோடியில் மட்டும் கதை வேறு. அங்கே பதிவேட்டைப் பார்த்ததும் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லாம் நாட்டு நாய்ங்கதான்மா. சோத்துக்குக் கெடக்குதுங்க" என்றார் ஒருவர். அவருக்குப் பின்னால் நீண்ட மூக்கை முன்னங்கால்களின் மேல் வைத்துக்கொண்டு அவை படுத்திருந்தன. எனக்குச் சந்தேகம்தான். ஆனால் உரிமையாளர் சொல்வதை எழுதுவது என்பது நான் போட்ட விதி. நாட்டு நாய் என்று எழுதினேன். சர்க்கார் பதிவேடுகளை அவர்கள் என்னைவிட அதிகம் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கடைசியாகப் போனது ஏரிக்கரைக் குடிசைக்கு. அங்கே இருந்தவர் அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர். அரைத்து அரைத்து வழவழப்பாகிவிட்ட கல்லை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கித் தருவார். நாற்பது வயதிருக்கும். ஆந்திரா பக்கத்திலிருந்து வந்து தங்கியவர். பெண்டாட்டி பிள்ளை என்று யாருமில்லை. செம்மண் நிறத்தில் விலா எலும்பு தெரிகிற ஒரு நாய் மட்டும். அதற்குச் 'சின்னோடு' என்று பெயர். தெலுங்கில் சின்னவன் என்று அர்த்தம். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது குஞ்சுகளோடு ஒரு கோழி வந்தது. சின்னோடு எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"நாட்டு நாய்னு எழுதிக்கட்டுமா?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா இப்படிச் சொல்லிட்ட? அசல் வேட்டை நாய்மா இவன். ஓடினா மொசலு தோத்துடும். இவன் நைனா சிறுத்தையையே தொரத்தினவன்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன்? இவன்தான் சொன்னான்."

நான் சிரித்துவிட்டேன். அந்த ஊருக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் முறை. வேட்டை நாய் என்று எழுதினேன். அவர் கட்டைவிரலில் மை தடவி, கையைப் பிடித்து நானே கைநாட்டு வைத்தேன்.

அதன் பிறகு சாயங்காலங்களில் ஏரிக்கரை வழியாகவே பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தேன். சுற்று வழிதான். கால் மணி நேரம் அங்கே ஒரு கல்லின் மேல் உட்காருவேன். அவர் அன்றைக்குப் போன தெருக்களைப் பற்றிச் சொல்லுவார். என்னை 'எழுத்தம்மா' என்று கூப்பிடுவார். நான் எழுந்தால் சின்னோடும் எழுந்துவிடும். பஸ் நிறுத்தம் வரை கூட வந்து, நான் ஏறி பஸ் கிளம்பும் வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். அந்த ஊரில் எனக்காகக் காத்து நின்றது அது ஒன்றுதான்.

ஆனிக் கடைசியில் பஞ்சாயத்துக் கூட்டம் நடந்தது. வேட்டை நாய் இனம் இனி எல்லைக்குள் இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் முன்னதாக உரிமையாளர்களே அவற்றை எல்லைக் கல்லுக்கு அப்பால் கொண்டுபோய்விட வேண்டும். தவறினால் பஞ்சாயத்தே பிடித்து அழித்துவிடும். எது வேட்டை நாய் என்பதற்கு நான் எழுதிய பதிவேடுதான் ஆதாரம்.

"கடிக்கிற நாயப் புடிங்களேன். அது எந்த இனமா இருந்தா என்னா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். தலைவர் வீட்டில் ஓர் அல்சேஷன் இருந்தது. தபால்காரர் அந்த வீட்டுக் கடிதங்களைத் தெருவிலிருந்தே காம்பவுண்டுக்குள் வீசிவிட்டு ஓடுவது ஊருக்கே தெரியும். அது என் பதிவேட்டில் சீமை நாய்.

நோட்டீஸை நான்தான் டைப் செய்தேன். பதினொரு பெயர்கள். மேற்குக் கோடியில் இருந்து ஒரு பெயர்கூட இல்லை. எல்லாம் தங்கள் நாயைப் பற்றிப் பெருமையடித்தவர்கள். பதினோராவது பெயர் ஏரிக்கரைக்காரருடையது.

அதன் பிறகு அலுவலகம் அலுவலகமாக இல்லை. காவடி வருகிற தெருக்களில் சாக்கடை எடுக்க வேண்டும், குழல் விளக்குப் போட வேண்டும், தண்ணீர்ப் பந்தலுக்கு இடம் ஒதுக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை. கிணறு தாண்டும் என்று சொன்னவர் அந்த நாயைத் தூக்கிவந்து ஹெட் கிளார்க் மேசை மேலேயே வைத்தார். "பாத்து சொல்லுங்க, இது வேட்டை நாயா? இதனால எழுந்து நிக்கவே முடியல" என்றார். சந்தேகமான நாய்களைப் பார்த்துச் சான்று தரும்படி கால்நடை மருத்துவருக்குக் கடிதம் போனது. மூக்கையும் வாலையும் பார்த்து இனம் சொல்வது தம்மால் ஆகாது என்று அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். துப்புரவுத் தொழிலாளர்கள் நாய் பிடிக்க மாட்டோம் என்றார்கள். "குப்பை வார வந்தவங்கோ நாங்க. ஒருத்தரு புள்ள மாரி வெச்சிகினு இருக்கறத புடுங்கிகினு வந்தா, நாளைக்கு அதே தெருவுலதான சார் நாங்க பெருக்கணும்?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டாள். அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டார். வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

எனக்குத் திறந்த கதவுகள் எல்லாம் மூடிக்கொண்டன. "நாய்க்காரி வந்துகினு கீறா பாரு" என்று ஒரு வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. எனக்கு மோர் கொடுத்த வீடு அது.

ஒரு நாள் காலை அம்மி கொத்துகிறவர் வந்தார். உள்ளே வராமல், துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"எழுத்தம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. சின்னோடு வேட்டை நாய் இல்ல. நான் சும்மா ஜம்பத்துக்குச் சொன்னேன். கோழியக் கண்டாலே பயப்படுவான், நீயே பாத்தியே."

எனக்குத் தெரியும். அவர் சொல்லாமலே தெரியும். பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டு, காரணம் எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. ஆனால் ஆறு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"என்னம்மா, அச்சடிச்ச மாதிரி எழுதின பதிவேட்டுல அடித்தல் விழப் போகுதா?" என்றார் ஹெட் கிளார்க்.

அந்த ஒரு கேலி போதுமானதாக இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நீங்க சொன்னதத்தான் எழுதினேன். கைநாட்டு வெச்சிருக்கீங்களே" என்றேன்.

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். "ஆங், வெச்சேன். நீதாம்மா கையப் புடிச்சி வெச்ச." குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். "வேற வழி ஏதாவது இருக்குதாம்மா?"

"எழுதினா எழுதினதுதான்."

துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "சரிம்மா. உனக்கும் மேல ஆளுங்க இருப்பாங்க. நீ என்னா பண்ணுவ" என்றார். நான் சொல்ல வேண்டிய சாக்கையும் அவரே எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நான் ஏரிக்கரைப் பக்கம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மெயின் ரோடு வழியாகவே போய் பஸ் ஏறினேன். அறையில் படுத்ததும் நைனா ஞாபகம் வந்தது. எங்கள் நைனாவின் கட்டைவிரல் ரேகை எத்தனையோ காகிதங்களில் இருக்கிறது. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை. வாசற்படியில் துண்டோடு நின்றவர் இடத்தில் அவரை வைத்துப் பார்த்தேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த முகத்தை எவ்வளவு முயன்றும் மாற்ற முடியவில்லை. அது என் முகமாகவே இருந்தது.

மூன்றாம் நாள் காலை நேராக அதிகாரியின் அறைக்குப் போனேன். மூன்று வகை வைத்தது நான்தான், ஜம்பமாகச் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதினேன், உண்மையான வேட்டை நாய்கள் நாட்டு நாய்க் கட்டத்தில் இருக்கின்றன, இந்தப் பட்டியலே தப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். மனுக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"பட்டியல பத்தி தலைவர்கிட்ட பேசறேன். முதல்ல அந்த ஏரிக்கரை ஆளு பேர அடிச்சிட்டுக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்றார்.

ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையால் கோடு போட்டேன். என் பதிவேட்டில் முதல் அடித்தல். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஹெட் கிளார்க் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். இதற்காகவா இரண்டு நாள் என்று இருந்தது.

அனுமதி கேட்டுக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். குடிசையின் படல் கயிற்றால் கட்டியிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். உளியும் சுத்தியும் வைக்கிற சாக்குப் பை இல்லை. கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் கேட்டேன்.

"நேத்துக் காலைல மூட்டையத் தூக்கிகினு பூட்டாரும்மா. நாயும் கூடவே போச்சு. நகரி பக்கம்னு சொன்னாரு."

"நாய மட்டும் எல்லைக்கு அந்தாண்ட விட்டா போதுமே? அவரு ஏன் போகணும்?"

"நாங்களும் அதான் சொன்னோம். பதினஞ்சு வருசமா கீற எடம், வுட்டுட்டுப் போறியேன்னு. 'வுட்டா இருக்க மாட்டான், எழுத்தம்மாவத் தேடிகினு பஸ் ஸ்டாப்புக்கு வந்து நிப்பான், புடிச்சிகினு பூடுவாங்க'ன்னாரு." அப்போதுதான் அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். "எழுத்தம்மான்னா யாரும்மா?"



அதன் பிறகு நடந்தது ஒன்றுமில்லை. நிஜமாகவே ஒன்றுமில்லை. பட்டியல் தப்பு என்று அதிகாரி சொன்னதோடு, நாய் பிடிக்க வெளியூர் ஆளும் கிடைக்காமல், அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தைப் பரிசீலனைக்கு என்று ஒத்திவைத்தார்கள். அது அப்படியே கிடந்தது. ஆடிக் கிருத்திகை அன்று எல்லார் வீட்டு நாய்களையும் கட்டிவைக்கும்படி தண்டோரா போட்டார்கள். எல்லாரும் கட்டிவைத்தார்கள். அல்சேஷனையும் கட்டிவைத்தார்கள். காவடிகள் ஒழுங்காகப் போயின. எந்த இனம் என்று யாரும் கேட்கவில்லை. நோட்டீஸ் வந்ததுமே எல்லைக்கு அப்பால் விடப்பட்ட நாய்களில் பலவும் வாரத்துக்குள் வீடு திரும்பிவிட்டன. ஊரைவிட்டுப் போனது ஒரே ஒரு மனிதர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மையார்குப்பம் போவதை விட்டுவிட்டு ஆந்திரா பக்கம் இருக்கிற நகரிக்குப் போனேன். தெருத் தெருவாக, எனக்குத் தெரிந்த தெலுங்கில், செம்மண் நிற நாயோடு அம்மி கொத்துகிறவர் வந்தாரா என்று கேட்டேன். மூன்றாவது ஞாயிறு ஒரு வீட்டில் அம்மியைக் காட்டினார்கள். போன வாரம்தான் கொத்தினாராம். விரலால் தடவிப் பார்த்தேன், புதுக் கொத்துச் சொரசொரவென்று இருந்தது. வேலை முடிகிற வரை நாய் இங்கேதான் படுத்திருந்தது என்று முற்றத்தில் ஓர் இடத்தைக் காட்டினாள் அந்த வீட்டுப் பெண். எங்கே போகிறேன் என்று அவர் சொல்லவில்லையாம். அதற்கப்புறம் புத்தூர் வரை போய்ப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். என் எதிரே வந்து கைநாட்டு வைக்கிற ஒவ்வொருவருக்கும் எழுதியதை முதலில் படித்துக் காட்டுகிறேன், இது எதற்கு என்றும் சொல்லுகிறேன். நேரமாகிறது என்று பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் விடுவதில்லை. அது அவருக்குச் செய்கிற பரிகாரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். உங்கள் நாய் உங்களோடேயே இருக்கலாம் என்ற ஒரு வரியை, கேட்க வேண்டியவரிடம் சேர்க்க வழியில்லாமல், இத்தனை வருடங்களாக நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் அது அவருடையதாகியிருக்கும்.